கார் விற்ற கணக்கு

ஒரு பொருள் யாருக்குரியது என்ற கேள்வி, அதனைப் பயன்படுத்தும் காலத்தில் எழுவதில்லை. அதனை விற்க முற்படும் நாளிலேதான் எழுகிறது. விலை பேச வருபவன் முதலில் வரலாற்றைக் கேட்கிறான்; அவ்வரலாற்றைச் சொல்லும்போது யாரைச் சேர்ப்பது, யாரை விடுப்பது என்பதும் விலையோடு சேர்ந்து நிர்ணயமாகிவிடுகிறது. 2023 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் வளவில் நின்ற ஒரு பழைய மோட்டார்க் காரை விற்றோம். அவ்விற்பனையின்போது நான் கற்றவை சில. அவை என் வீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

காரின் பெயர் ஹம்பர் ஹோக். யாழ்ப்பாணத்து முதியவர்களுக்கு ஹம்பர் என்றதும் சைக்கிளே நினைவுக்கு வரும். தோமஸ் ஹம்பர் என்ற ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தொடங்கியது சைக்கிள் தொழில்தான். கார் பின்னர் வந்தது. 1932 இல் சைக்கிள் பகுதி றாலி நிறுவனத்தின் கைக்கு மாறியது. கார்ப் பகுதி றூற்ஸ் குழுமத்தின் கீழ் வளர்ந்தது. ஆகவே ஒரே பெயர் இரண்டு வண்டிகளில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. ஆசிரியரும் தபாற்காரரும் ஹம்பர் சைக்கிளில் சென்றனர்; பிறக்கிராசியாரும் வைத்தியரும் ஹம்பர் காரில் சென்றனர். பெயர் ஒன்று, வர்க்கம் இரண்டு.

எங்களிடம் இருந்தது 1957 இல் வெளிவந்த முதலாவது வரிசையைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர், 2267 கன சென்றிமீற்றர் இயந்திரம். கியர்த் தடி ஸ்ரீயறிங் தண்டிலே பொருத்தப்பட்டிருக்கும். முன்னாசனம் வாங்கு போல நீண்டு மூவர் அமரக்கூடியதாயிருக்கும். உள்ளே மரமும் தோலும். ஒஸ்ரின் ஏ-40 உம் மொறிஸ் மைனரும் ஓடிய ஊரிலே இந்தக் கார் வரும்போது ஒழுங்கையிலே விளையாடும் பிள்ளைகள் வேலியோரம் ஒதுங்கி நிற்பார்களாம். எங்கள் பக்கத்துப் பிறக்கிராசியார் ஒருவர் 1958 இல் அதனை வாங்கினார்.

வாங்கினார் என்று எளிதாக எழுதிவிட்டேன். விலையைக் கொடுத்தவர் யார்? வழக்காளிகள் கொடுத்த ரூபாயைப் பிறக்கிராசியார் கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் அந்த ரூபாயைக் கொண்டு கொவென்றி நகரிலே ஒரு ஆணியும் வாங்க முடியாது. பிரித்தானியக் காருக்குப் பிரித்தானியப் பவுண் வேண்டும். அப்பவுணை இந்நாட்டுக்குப் பெரும்பாலும் ஈட்டித் தந்தது தேயிலை. அத்தேயிலையைக் கொய்த மலையகத் தொழிலாளரோ 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, லயத்து அறைகளில் அடைந்து கிடந்தனர். மறுமுனையில், கொவென்றியை அடுத்த ரைற்றன் தொழிற்சாலையிலே அக்காரைப் பூட்டிய தொழிலாளியும் அதனைச் சொந்தமாக வைத்திருந்தானா என்பது ஐயமே. கொழுந்து பறித்தவளும் காரைப் பூட்டியவனும் ஒருவரையொருவர் அறியார். அவர்களுக்கு நடுவிலே வழவழவென்று ஒரு கறுப்புக் கார் நின்றது.

என் தந்தையார் 1964 இல், தமது பதினான்காம் வயதில், அந்தக் காரைக் கழுவும் பையனாக அவ்வீட்டுக்குச் சென்றார். ஆறு ஆண்டுகளின் பின் சாரதியானார். பிறக்கிராசியார் கொடியவரல்லர், நோயுற்றால் மருந்துக்குக் காசு கொடுப்பார், தைப்பொங்கலுக்கு வேட்டி கொடுப்பார். ஆயினும் தந்தையாருக்குச் சோறு பின் விறாந்தையிலேதான். அவருடைய தேநீர்க் குவளை கிணற்றடி மதிலிலே தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். காரின் முன்னாசனத்தில் இருந்து அவர் வண்டியை ஓட்டலாம். அவ்வண்டி வீட்டு வாசலில் நின்றுவிட்டால் அதற்குள் அமர்ந்திருக்கக் கூடாது, இறங்கி மரத்தடியில் நிற்க வேண்டும். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் அமர்ந்திருந்தபோது, வீதி வழியே வந்த இக்காரின் கண்ணாடி ஏற்றப்பட்டதைத் தந்தையார் பார்த்தார். அன்று அவர் பின்னாற் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். "கண்ணாடியை ஏத்தினது வெயிலுக்கெண்டுதான் நான் அப்ப நினைச்சன்" என்று ஒருமுறை எனக்குச் சொன்னார்.

இக்காரின் இலக்கத் தகட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1957 இல் வாகன இலக்கத் தகட்டிலே சிங்கள ஸ்ரீ எழுத்தைப் பொறிக்கும் விதி வந்தபோது தமிழரசுக் கட்சி எதிர்ப்பியக்கம் நடத்தியது. 1958 மார்ச்சிலே அவ்வெழுத்தைத் தாங்கிய அரச பேருந்துகள் வடக்குக்கு வந்தபோது அவ்வியக்கம் மீண்டும் மூண்டது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதத்தில் இரத்தம் ஓடியது. அந்த ஆண்டிலேதான் எங்கள் பிறக்கிராசியாரின் காருக்கு ஸ்ரீ இலக்கம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஓடும்போது அவர் அவ்வெழுத்தின் மேல் தமிழ் எழுத்தை ஒட்டிவைப்பாராம்; கொழும்புக்குப் போகும்போது உரித்துவிடுவாராம். ஒட்டுவதும் உரிப்பதும் கார் கழுவும் பையனின் வேலை. தந்தையார் வருவதற்கு முன்னிருந்த பையன் அதனைச் செய்ததாகக் கேள்வி.

1983 ஜூலையிலே பிறக்கிராசியாரின் கொழும்பு வீடு எரிந்தது. மறு ஆண்டு அவர் குடும்பத்தோடு இலண்டனுக்குச் சென்றார். போகும்போது தந்தையாருக்கு ஆறு மாதச் சம்பளம் பாக்கி. கையிலே காசு இல்லை. காரை எழுதிக் கொடுத்தார். அன்பளிப்பு என்று ஊரார் சொன்னார்கள். அவருடைய பிள்ளைகளும் இன்றுவரை அப்படியே சொல்கிறார்கள். அது அன்பளிப்பன்று, கூலி. இருபது ஆண்டு உழைத்தவனுக்கு இருபத்தாறு வயதுக் கார் கூலியாகக் கிடைத்தது. அதன் பின் ஹம்பர் வாடகைக் காரானது. கலியாணத்துக்கும் ஆசுபத்திரிக்கும் செத்த வீட்டுக்கும் ஓடியது. முன்பு கண்ணாடி ஏற்றப்பட்ட ஆசனத்திலே கூடையோடு மீன்காரியும் ஏறினாள்.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது. அக்காலத்தை வாழ்ந்தோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்றைய மாணவருக்காகச் சில வரிகள். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது, ஆகவே பற்றிக்கொள்ளாது. எனவே ஒரு சிறு போத்தலிலே பெற்றோலை வைத்துச் சேலைன் குழாய் மூலம் காபரேற்றருக்குச் சொட்டுச் சொட்டாக விட்டு இயந்திரத்தைக் கிளப்புவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நிறுத்த முன் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்ற மறந்தால் அடுத்த நாட் காலையில் வண்டி கிளம்பாது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரமாகக் கீழே வடிந்து எஞ்சின் எண்ணெயை நீராக்கும். பிளக்குகளிலே கரி படியும். மேட்டிலே ஏறும்போது உள்ளே சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம் கேட்கும். புதிய கார்கள் இதனைத் தாங்கா. தாழ்ந்த அமுக்கத்தையுடைய பழைய பிரித்தானியக் கார்கள் தாங்கின. ஒரு பேரரசு தன் குடியேற்ற நாடுகளுக்கு விற்ற வண்டிகள், அது போய் நாற்பது ஆண்டுகளின் பின், முற்றுகைக்குள் அகப்பட்ட மக்களின் ஆசுபத்திரி வண்டிகளாயின. வீட்டிலே ஜாம் போத்தல் விளக்குக்கு அளந்து ஊற்றிய மண்ணெண்ணெயிலும் ஒரு பங்கைத் தந்தையார் காருக்கு எடுப்பார். அம்மா வாய் திறவாள்; யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்காகத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. எனக்கு வயது ஏழு. சொந்தக் கார் உள்ள வீட்டுப் பிள்ளை நான். ஆனால் காரிலே எனக்கு இடமில்லை. பக்கத்து வீட்டு நிறைமாதப் பெண்ணும், நடக்க முடியாத நான்கு கிழவிகளும், ஒரு கிழவரும் அதற்குள் இருந்தார்கள். மழையிலே நானும் அம்மாவும் தங்கையும் காரின் பின்னால் நடந்தோம். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய அந்த வீதியிலே மனிதர் எறும்புபோல நெருங்கியதால் காரும் எங்களைவிட வேகமாகச் செல்லவில்லை. பின் விளக்கு இரண்டில் ஒன்றுதான் எரிந்தது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தைத் தவறவிடக் கூடாது என்று அம்மா என் கையைப் பிடித்தபடி சொல்லிக்கொண்டே வந்தாள். ஏன் எங்களை ஏற்றவில்லை என்று பல ஆண்டுகள் தந்தையார்மீது எனக்கு ஒரு கோபம் இருந்தது. அதனை இப்போது எழுத வெட்கமாயிருக்கிறது.

1996 இல் ஊர் திரும்பிய பின் கார் ஓடவில்லை. கிடுகுக் கொட்டிலுக்குள் பதினைந்து ஆண்டு நின்றது. ஆசனத் தோலை எலி தின்றது. மரப்பலகையைக் கறையான் தின்றது. பின்னாசனத்திலே கோழி அடைகாத்தது. பழைய இரும்பு வாங்குவோர் பலமுறை வந்து போயினர். 2009 இன் பின் ஏ-9 வீதி திறந்ததும் தந்தையாரின் பழைய நண்பர், கராஜ் வைத்திருந்தவர், ஒருநாள் வந்து கொட்டிலைச் சுற்றி நடந்து, "அண்ணை, இது சாகேல்லை" என்றார். 2011 இலிருந்து 2018 வரை இருவரும் அதனோடு மாரடித்தார்கள். அவருக்குத் தந்தையார் ஒரு சதமும் கொடுக்கவில்லை, கொடுக்க இருக்கவுமில்லை.

புதிய உதிரிப் பாகம் கிடைக்காது. றூற்ஸ் குழுமம் 1967 இல் அமெரிக்கக் கிறைஸ்லரின் கையிலும், 1978 இல் பிரெஞ்சுப் பேஜோவின் கையிலும் விழுந்தது. ஹம்பர் என்ற பெயர் 1976 இலேயே மறைந்துவிட்டது. ரைற்றன் தொழிற்சாலை 2006 இறுதியில் மூடப்பட்டது; கூலி குறைந்த சிலோவாக்கியாவிலே முதலாளிகளுக்குப் புதிய இடம் கிடைத்திருந்தது. இந்தக் காரைச் செய்த தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் வேலையிழந்தது அங்கேதான். ஆகவே எங்கள் கராஜ்காரர் சிலிண்டர்களைக் கடைந்து, ஒரு லொறியின் பிஸ்ரன்களை அவற்றுக்கு இசைவாக்கிப் பொருத்தினார். அடித்தகடு கறள் பிடித்த இடமெல்லாம் வெட்டிப் புதுத் தகரம் ஒட்டினார். கறையான் தின்ற பலகைக்குப் பதிலாக ஊர்த் தச்சர் ஒருவர் முதிரை மரத்திலே பலகை இழைத்தார். ஆசனங்களுக்குத் தோல் தைத்தவர் செருப்புத் தொழிலாளி. 2018 இல் கறுப்பு வர்ணம் பூசி வீதிக்கு வந்தபோது, கோவில் வாசலிலே நின்ற இளைஞர்கள் கைத்தொலைபேசியிலே படம் பிடித்தார்கள். தந்தையார் பேசவில்லை, ஒரு துணியை எடுத்து முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

விற்க வேண்டி வந்தது ஏன் என்று பலர் கேட்டனர். 2021 இல் கராஜ்காரர் கொரோனாவால் மறைந்தார். தந்தையாருக்குக் கண் மங்கியது. சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியவில்லை. 2022 இல் நாடு வங்குரோத்தானபோது பெற்றோலுக்கு வரிசை, வாராந்தப் பங்கீடு, வர்ணம் பூசுவதற்கு அடகு வைத்த அம்மாவின் நகைக்கு வட்டி ஏறியது. ஒரு ஆசிரியனின் சம்பளம் அவ்வாண்டு விலைவாசிக்கு முன்னால் என்னவாயிற்று என்பதை இதனைப் படிக்கும் ஆசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதேவேளையில் கார் இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கியது. அதனால் ஓடக்கூடிய எந்தத் தகரத்துக்கும் விலை உயர்ந்தது. பழைய பிரித்தானியக் கார்களுக்குக் கொழும்புச் செல்வர் வீட்டுக் கலியாணங்களிலே தனி மதிப்பு.

தரகர் ஒருவர் வந்தார். விளம்பரத்தை எழுதுமாறு என்னிடமே சொன்னார். நான் தமிழ் படித்தவன் என்பதால் சொற்கள் என் வசம் என்று அவர் எண்ணம். அவர் கொடுத்த குறிப்பு மூன்று. ஒன்று: ஒரே குடும்பத்தின் உரிமை, பிறக்கிராசியார் ஒருவர் பேணிய கார். இரண்டு: உட்புற மரம் ஆங்கில வாதுமை. மூன்று: இயந்திரம் தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே உள்ளது. இவற்றோடு நான்காவதாக அவர் மகிழ்ச்சியோடு சொன்னது: "பழைய ஸ்ரீ நம்பர், மாஸ்டர். மாத்தாமல் வைச்சிருக்கிறியள். அதுக்கே தனி விலை." யாருடைய தலைமேல் ஓர் எழுத்து அடியாக விழுந்ததோ அவர்களுடைய காரிலே அவ்வெழுத்து இப்போது அணிகலனாகிவிட்டது. சந்தைக்கு நினைவு இல்லை. அல்லது, விலை போகும் நினைவு மட்டுமே உண்டு.

முதல் மூன்று குறிப்புகளும் பொய். எனினும் அன்றிரவு நான் அவ்விளம்பரத்தை எழுதினேன் என்பதை மறைக்கமாட்டேன். வட்டிக் கணக்கை அருகில் வைத்துக்கொண்டு எழுதினேன். வாக்கியங்கள் நன்றாகவே வந்தன. வகுப்பறையிலே உழைப்பின் மகிமையைப் பாடமாகச் சொல்லும் அதே கை, சாரதியையும் கராஜ்காரரையும் தச்சரையும் தோல் தைத்தவரையும் ஆறு வரிகளில் அழித்துவிட்டது. அதற்கு எந்த முதலாளியும் என்னை வற்புறுத்தவில்லை. விலை என்ற ஒன்றே போதுமாயிருந்தது.

காலையிலே தந்தையாருக்கு வாசித்துக் காட்டினேன். கண் தெரியாதவர் செவியாற் கூர்ந்து கேட்டார். பிறகு கேட்டார்:

"அப்ப இருபது வரியமாய் ஆர் ஓடினது?"

"ஐயா, விலை குறைஞ்சுபோகும்."

"குறையட்டும். மண்ணெண்ணெயிலை ஓடினதெண்டு சொல்லிப்போடு. லொறிப் பிஸ்ரன் எண்டும் சொல்லு. வாங்கிறவன் நாளைக்கு நடுறோட்டிலை நிண்டால் எங்களைத்தான் நினைப்பான்." சற்றுப் பொறுத்து, "அவன் செய்த வேலையை இங்கிலீசுக்காரன் செய்ததெண்டு எழுதிப்போட்டாய். அவன் செத்துப்போனான் எண்டதுக்காக அப்பிடி எழுதலாமோ?" என்றார். கராஜ்காரரைப் பற்றித்தான் அவர் சொன்னது.

நான் தாளைக் கிழித்தேன்.

வாங்க வந்தவர் கொழும்புச் செல்வர், சிங்களவர், மரியாதையாகப் பேசினார். அவரோடு பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு வயதான மெக்கானிக்கும் வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். செல்வரின் முகம் மாறியது. முதிரைப் பலகையை விரலால் தட்டிப் பார்த்து, "அப்படியானால் இது அசல் அல்ல" என்றார். மெக்கானிக் அதற்கிடையில் பொனற்றைத் திறந்துவிட்டார். அரை மணி நேரம் அவர் தலை வெளியே வரவில்லை. பின்னர் தந்தையாரின் அருகே வாங்கிலே உட்கார்ந்து சிங்களத்தில் ஏதோ கேட்டார். கொழும்புக்கு ஓடிய காலத்துச் சிங்களத்திலே தந்தையார் மறுமொழி சொன்னார். பிஸ்ரனை எப்படி இசைவாக்கினீர்கள், மண்ணெண்ணெய்க்காக கஸ்கெற்றை எத்தனை தடிப்பாக வைத்தீர்கள் என்பவையே பேச்சு. இருவருக்கும் இடையிலே மொழி தடையாக இருக்கவில்லை. தங்கள் பெயராலே எழுத்துக்காகச் சண்டை பிடித்தவர்களின் காரை, இந்த இரு தொழிலாளரும் ஒரே கைவிரலால் தடவிப் பார்த்தார்கள். போகும்போது மெக்கானிக் தம் எசமானிடம் சொன்னதைத் தந்தையார் எனக்கு மொழிபெயர்த்தார்: இப்படி ஓடியும் உயிரோடு இருக்கிற எஞ்சின், நல்ல கைகளிலே இருந்த எஞ்சின்.

அவ்வார்த்தை விலையை உயர்த்தியது என்று எழுத ஆசைதான். உயர்த்தவில்லை. இருபத்தெட்டு இலட்சம் கேட்டோம்; 'அசல் அல்ல' என்ற காரணத்தால் இருபத்து மூன்றரை இலட்சத்துக்கு முடிந்தது. நாலரை இலட்சம் உண்மையின் விலை. மெக்கானிக்குக் கிடைத்தது அன்றைய நாட்கூலி.

பணம் வந்த அன்று தந்தையார் கணக்குப் பார்த்தார். நகை மீட்க ஒரு பங்கு. கராஜ்காரரின் மனைவிக்கு எட்டு இலட்சம். நான் திகைத்தேன். "ஏழு வரியச் சம்பளம். எனக்கு ஆறு மாசப் பாக்கிக்குக் கார் தந்தவை. நான் அவனுக்கு ஏழு வரியப் பாக்கி" என்றார். அம்மையார் முதலில் வாங்க மறுத்தார். உதவி என்று நினைத்துவிட்டார். உதவியன்று, கூலி என்று விளங்கவைக்க எங்களுக்கு ஒரு பின்னேரம் தேவைப்பட்டது. தச்சருக்கும் தோல் தைத்தவருக்கும் அக்காலத்திலேயே கூலி கொடுக்கப்பட்டிருந்தது. அக்கணக்குப் புத்தகத்தைத் தந்தையார் வைத்திருந்தார்.

மலையகத்துக் கொழுந்து பறித்தவளுக்கும் கொவென்றித் தொழிலாளிக்கும் அந்தக் கணக்கிலே பங்கு இல்லை. ஒரு தனிமனிதனின் நேர்மையால் தீர்க்கக்கூடிய பாக்கி, அவன் கைக்கு எட்டிய அளவு மட்டுமே. எஞ்சிய பாக்கியைத் தீர்க்க வேறு கணக்கு வேண்டும். அதை ஒருவர் தனியே பார்க்க முடியாது. ஆனால் கைக்கு எட்டியதையும் தீர்க்காதவர்கள் அந்தப் பெரிய கணக்கைப் பற்றிப் பேசுவதைத் தந்தையார் நம்பமாட்டார். என்னையும் அவர் அன்று காலை சிறிது நேரம் நம்பவில்லை என்றே நினைக்கிறேன்.

காரை எடுக்க வந்த நாளில் தந்தையார் மெக்கானிக்கிடம் இரண்டு விடயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பற்றரியின் நேர்முனைதான் காரின் உடலோடு பூட்டப்பட்டிருக்கிறது. இக்காலத்துக் கார் என்று நினைத்து மாறிப் பூட்ட வேண்டாம். சுரைகள் அங்குல அளவு. மில்லிமீற்றர்ச் சாவி போட்டால் வழுக்கும். ஒரு சாக்குப் பையிலே தம் பழைய அங்குலச் சாவிகளையும் கொடுத்தார். அவற்றுக்கு விலை கேட்கவில்லை.

கார் ஒழுங்கை திரும்பும்போது பொழுதுபட்டுவிட்டது. பின் விளக்கு இரண்டும் எரிந்தன. "ரெண்டும் எரியுதோ?" என்று தந்தையார் கேட்டார். எரிகிறது என்றேன். படலையைச் சாத்திவிட்டு உள்ளே வந்தோம்.